ஏர் பூட்டாத பருவம்

ஆனி 5, வியாழன்

என் பெயர் சடையன். ஊர் நெல்லிவளவு. இதை நானே எழுதினேன்.

ஆனி 6, வெள்ளி

நேற்று அந்த வரியை எழுதி முடிப்பதற்குள் கஞ்சி ஆறிவிட்டது. என் மனைவி உண்ணாமலை திட்டினாள். அவள் பெயரையும் எழுதிக் காட்டினேன். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுவா நானு? இம்மாம் நீளமாவா இருக்கேன்?" என்றாள். சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுப்பது எங்கள் மருமகள் சத்தியா. "மாமா, தினம் ஒரு வரியாச்சும் எழுதுங்க. இல்லன்னா கை மறந்துடும்" என்றாள். இந்தக் கை மண்வெட்டியை மறந்ததில்லை. இதை மட்டும் மறக்குமா?

ஆனி 9, திங்கள்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வந்திருக்கிறார். பெண் டாக்டர். காலைப் பேருந்தில் ஒரு பெட்டியோடும் ஒரு மின்விசிறியோடும் இறங்கினார். ஊரே போய் நின்றோம். கட்டடத்துக்கு வயதாகிவிட்டது. டாக்டர்கள்தான் தங்குவதில்லை. வருவார்கள், மழைக்காலம் ஒன்றைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். பிறகு நர்ஸ் மட்டும் இருப்பார். காய்ச்சல் என்றால் மலை இறங்கி டவுனுக்குப் போகவேண்டும். போகிற வழியில் செத்தவர்களும் உண்டு.

கதவில் புதுப் பலகை மாட்டினார்கள். எல்லோர் முன்னாலும் நான் படித்தேன். "டாக்... டர். பெ... னிட்... டா." டாக்டரம்மா கைதட்டினார். "சரியா படிச்சிட்டீங்களே ஐயா" என்றார். ஒரு டாக்டர் பெயரை அவர் சொல்லாமல் நானே தெரிந்துகொண்டது இதுதான் முதல் தடவை.

ஆனி 10, செவ்வாய்

பள்ளிக்கூட வாசலில் கூட்டம். ஊர்க்கவுண்டர் தீர்த்தன் பேசினான். அவன் எனக்குப் பங்காளி. வகுப்பில் எனக்குப் பின்னால் உட்காருகிறவன். இன்னும் 'ஊ' எழுத வராது. ஆனால் பேச வரும்.

"போன டாக்டரு ஏன் போனாரு? வந்த அன்னிக்கே பூட்டிட்டோம்யா. அட்டை கடிச்சா போனோம். தும்முனா போனோம். ஆடு சினையா இல்லியான்னு கேக்கப் போனவனும் இந்தக் கூட்டத்துல கீறான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதை எழுதியிருக்க வேண்டாம். ரப்பர் இல்லை.

கீழ்நாட்டுச் சந்தையில் வாங்கி வரும் மாட்டை நாங்கள் முதல் பருவம் ஏரில் பூட்டமாட்டோம். அது எங்கள் மலை வழக்கம். மலைக் காற்றும் மலைத் தண்ணீரும் அதற்குப் பழகவேண்டும். சும்மா மேயவிட்டு, நல்ல தீனி போட்டு, கழுத்தைத் தடவிக் கொடுப்போம். வந்ததும் பூட்டினால் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த வழியே இறங்கிவிடும். டாக்டருக்கும் அதைத்தான் செய்யவேண்டும் என்றான் தீர்த்தன். சாமை அறுப்பு வரைக்கும் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சியும் ஊசி போடும் குழந்தையும் போகலாம். மற்றவர்கள் உயிர் போகிற மாதிரி இருந்தால் மட்டும் போகலாம். வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். டாக்டரம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

"உசுரு போற மாதிரி கீதுன்னு எப்படித் தெரியும்?" என்று உண்ணாமலை கேட்டாள்.

"போனா தெரியும்" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தோம். மிக நல்ல திட்டம் என்று எனக்குப் பட்டது. மாரியம்மன் மேல் ஆணையிட்டுக் கலைந்தோம்.

ஆனி 14, சனி

இன்று எங்கள் முறை. சாமைச் சோறு, பலாக்கொட்டைக் குழம்பு. நான் எடுத்துப் போனேன். டாக்டரம்மா வாசலில் நாற்காலி போட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"உங்களுக்கு ஏதும் செய்யுதா ஐயா?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா. கல்லு மாதிரி கீறேன்."

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஒரு சொம்பு கொடுத்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு தாகமா?"

"ஏத்தம் ஏறி வந்தேன் இல்லீங்களா."

எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி இறக்கம்தான். புதியவர், அவருக்குத் தெரியாது.

ஆனி 20, வெள்ளி

இன்று ஒரு அதிசயம். கொல்லைக்குப் போய் களை எடுத்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றினேன். உண்ணாமலை அலறினாள். முள் ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. அதோடுதான் காலையிலிருந்து நடந்திருக்கிறேன். ஒரு துளி வலி இல்லை. "உன் காலு என்ன, கட்டையா?" என்றாள். என் கால் இப்போது மாட்டுக் குளம்பு போல ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன். மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டாள்.

ஆனி 29, ஞாயிறு

எழுத்துகள் மிதக்கின்றன. 'ன'வும் 'ண'வும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. வகுப்பில் பல்பு மங்கல் என்று சொன்னேன். சத்தியா பல்பை மாற்றினாள். அப்படியும் மிதந்தன.

சட்டை தொளதொளவென்று இருக்கிறது. துணி துவைத்துத் துவைத்து விரிந்துவிட்டது போலிருக்கிறது. வேலியோரம் நான் போகும் இடத்தில் எறும்பு சாரிசாரியாக வருகிறது. மழை வரும் அறிகுறி. நல்லது, சாமைக்கு மழை வேண்டும்.

ஆடி 2, வெள்ளி

சந்தைக்குப் போகும்போது டாக்டரம்மா கூப்பிட்டார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். இந்த ஊர்ல யாருக்குமே காய்ச்சல் வராதா?"

"நீங்க வந்த ராசிங்கம்மா. நோயி ஓடிப்போச்சு."

அவர் சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்தார். "அப்ப ராத்திரில இருமறது யாரு? மலை முழுக்கக் கேக்குதே."

"அது மானுங்கம்மா" என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் ஆணை ஆணைதானே.

பிறகு அவர் ஊரைப் பற்றிப் பேசினார். கடலோர ஊர். அப்பா இல்லை, அம்மா மட்டும். "காலைல கதவத் தொறந்தா மீன் வாசம் வரும். இங்க கதவத் தொறந்தா யாரும் வர்றதில்ல" என்றார். மீன் என்று சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது. தீர்த்தனிடம் சொன்னேன். சாயங்காலமே ஓடையில் கெண்டை பிடித்துக் கொடுத்தோம்.

ஆடி 9, வெள்ளி

கெட்ட செய்தி. டாக்டரம்மா மாறுதல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டாராம். நர்ஸ் சொன்னார். ஆவணி 4 அன்று டவுனில் பெரிய ஆபீஸில் பெயர் கூப்பிடுவார்களாம். எந்தெந்த ஊரில் இடம் காலியோ அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கடலோரத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறதாம். அன்று போகாவிட்டால் பழைய இடத்திலேயே இருக்க வேண்டியதுதானாம்.

தீர்த்தன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "இன்னாடா இது! பூட்டாதயே போகுதே!"

உண்ணாமலை ராத்திரி தூங்கவில்லை. எங்கள் மூத்த மகள் பிரசவத்தில் டவுனுக்குப் போகும் வழியில்தான் போனாள். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. இப்போது சத்தியாவுக்கு நான்காம் மாதம்.

ஆடி 11, ஞாயிறு

தீர்த்தன் புது யோசனை கண்டுபிடித்தான். டாக்டரம்மாவுக்கு இங்கேயே மாப்பிள்ளை பார்த்துவிட்டால் எங்கே போவார்? அவன் மச்சான் மகன் ஒருவன் டிராக்டர் வைத்திருக்கிறான். போட்டோ எடுத்துக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு நாங்கள் நாலு கிழவர்கள் போனோம்.

டாக்டரம்மா போட்டோவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஐயா, மாப்பிள்ளை பாக்கற வேலைய எங்கம்மா யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டாங்க."

"அம்மாவையும் இங்கயே இட்டாந்துடலாம். வூடு கட்டித் தரோம்" என்றான் தீர்த்தன்.

"எனக்கு மாப்பிள்ளையும் வேணாம், வீடும் வேணாம். நோயாளி வேணும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது தீர்த்தன் புலம்பினான். "நோயாளி வேணுமாமே! ஊரு நல்லா கீதுன்னு சந்தோசப்பட வேணாமா?" எனக்கு உள்ளே ஏதோ தட்டியது. அதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. தட்டில் இருந்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

ஆடி 17, சனி

கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. வலி இல்லை.

ஆடி 18, ஞாயிறு

உண்ணாமலை வீட்டில் சாம்பிராணி போட்டாள். ஏதோ வாடை அடிக்கிறது, எலி செத்திருக்கும் என்றாள். இருவரும் தேடினோம். எலி கிடைக்கவில்லை.

ஆடி 23, வெள்ளி

இதை டவுன் ஆஸ்பத்திரியில் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா பக்கத்துக் கட்டில்காரருடையது. நடந்ததை முறையாக எழுதவேண்டும்.

செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கும் நேரம், வகுப்பில் இருந்தோம். டாக்டரம்மா வந்தார். அவருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது. வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரையில் ஈரமாக ஒரு காலின் தடம் மட்டும், வாசலிலிருந்து வரிசையாகப் போயிருந்தது. அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். அது என்னிடம் வந்து முடிந்தது.

"ஐயா, கால நீட்டுங்க."

"ஒண்ணும் இல்லீங்கம்மா."

"நீட்டுங்கன்னேன்."

தரையில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை. சத்தியாவிடம் பென்சில் வாங்கி அதன் முனையால் குத்திப் பார்த்தார்.

"இங்க தெரியுதா?"

"இல்லீங்க."

"இங்க?"

"தொடறீங்களாம்மா?"

அவர் முகம் மாறிவிட்டது. தண்ணீர் எவ்வளவு குடிப்பேன், ராத்திரி எத்தனை தடவை எழுந்து போவேன், கண் எப்படி என்று கேட்டார். நான் எதற்கும் வாய் திறக்கவில்லை. என்னைக் கூட்டிப்போக வந்திருந்த உண்ணாமலைதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"இத்தனையும் வச்சிகிட்டு என் கையில சோத்துப் பாத்திரத்தக் குடுத்துட்டுப் போயிருக்கீங்க. ஏன் சொல்லல?" என்றார் டாக்டரம்மா.

நான் தீர்த்தனைப் பார்த்தேன். தீர்த்தன் சிலேட்டைப் பார்த்தான். பிறகு எழுந்து, தலையைச் சொறிந்துகொண்டு, மாட்டு வழக்கம் முழுவதையும் சொல்லிவிட்டான். முதல் பருவம் பூட்டக்கூடாது என்று ஊரே ஆணையிட்டதையும் சொன்னான்.

டாக்டரம்மா என் காலை மெல்லக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "அப்ப நான் மாடா?"

"ஐயய்யோ, அப்படி இல்லீங்கம்மா! நல்ல மாட்டுக்குத்தாங்க இந்த மரியாதை. சுமாரான மாடுன்னா வந்த அன்னிக்கே பூட்டிடுவோம்."

அப்போது பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அடுத்து இன்னொருவர். ரகசியம் உடைந்த பிறகு எதற்கு அடக்குவது என்று நினைத்தார்களோ என்னவோ, இத்தனை நாள் துண்டால் வாயைப் பொத்தி வைத்திருந்தவர்கள் எல்லோரும் இருமத் தொடங்கினார்கள். வகுப்பு முழுக்க இருமல். டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? உங்க யாருக்கும் என்னைப் பிடிக்கல, சோத்தைக் குடுத்து மரியாதையா ஒதுக்கி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். படிச்ச படிப்பு மறந்துடுமோன்னு பயந்தேன். அதான் மாறுதல் கேட்டேன்."

மாப்பிள்ளை பேசப் போய் வந்த அன்று எனக்குக் கிடைக்காத வார்த்தை இதுதான். நான் எழுதாமல் விட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது. உடம்பில் சர்க்கரை நிறைய இருக்கிறதாம். நான் தேன் எடுக்கிறவன். தேன் முழுக்க இந்த உடம்பிலேயே தங்கிவிட்டது என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னேன். நேற்று வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்றார்கள். மரத்துப்போன கால் என்பது பலமல்ல, நோய் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

ஆடி 27, செவ்வாய்

உண்ணாமலை ஊருக்குப் போய்விட்டு வந்தாள். நேற்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் வரிசையாம். தீர்த்தனுக்குக் குடலிறக்கம். துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இத்தனை கூட்டத்தையும் நடத்தியிருக்கிறான். உண்ணாமலைக்கு மூட்டுவலி. என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"உங்கிட்ட சொன்னா நீ அதையும் எழுதுவ" என்றாள்.

டாக்டரம்மா எல்லோரையும் திட்டித் திட்டித் தொண்டை கட்டிப்போனாராம்.

"சந்தோசமா திட்டிச்சா, கோவமாவா?"

"அத நான் எப்படிக் கண்டேன்? ஆனா நாற்காலில உக்காரவே இல்ல."

கடைசியில் தீர்த்தன் அவரிடம் போய், உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டானாம். தினம் சாப்பாடு வேண்டாம், அவரே சமைப்பாராம். மாதத்தில் ஒரு முறை இரண்டு நாள் அம்மாவைப் பார்க்கப் போகவேண்டும், அப்போது முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாதாம். சாயங்காலத்தில் நோயைப் பற்றி அல்லாமல் வேறு ஏதாவது பேச யாராவது வந்தால் நல்லதாம். சத்தியா போகத் தொடங்கிவிட்டாள்.

"இவ்ளோதானா? மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"மொதல்ல யாரு கேட்டா?" என்றாள் உண்ணாமலை.

ஆனால் மாறுதலுக்குக் கொடுத்த பெயரை டாக்டரம்மா திரும்ப வாங்கவில்லையாம். அவர் அம்மா தினமும் போனில் அழுகிறாராம்.

ஆடி 31, சனி

நாளை ஆவணி. மனதில் ஒன்று தோன்றுகிறது. பெற்ற தாய் கூப்பிடும்போது போகாதே என்று சொல்ல நாங்கள் யார்? இதை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். பிறகு மறுபடியும் எழுதினேன்.

ஆவணி 4, புதன்

காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருவாரென்று யாரும் சொல்லவில்லை. பெயர் கூப்பிடும் ஆபீஸ் எதிர்த் தெருவில்தான் இருக்கிறது.

வந்தார். கையில் ஒரு பையும் போனும். "கூப்பிட இன்னும் நேரம் இருக்கு. போற வழியில உங்க காலப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "போய்ட்டு வாங்கம்மா. உங்க அம்மாவுக்குப் பக்கத்துல இருங்க. எங்களப் பத்தி மனசுல வச்சுக்காதீங்க." குரல் நடுங்காமல்தான் சொன்னேன்.

அவர் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தார். பழக்கத்தில் கேட்பது போல, குனிந்தபடியே கேட்டார். "இப்ப என்ன செய்யுது?"

ஒன்றும் இல்லீங்கம்மா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. இல்லாத இரண்டு விரல்களும் அரிக்கின்றன என்று சொன்னேன். ராத்திரி கால் எரிகிறது, ஆனால் தொட்டால் தெரிவதில்லை என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பசி எடுத்தால் கை நடுங்குகிறது என்றேன். எழுத்து மிதப்பதைச் சொன்னேன், அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம் என்றும் சொன்னேன். இப்போதுதான் படிக்க வந்திருக்கிறேன், கண் போய்விட்டால் என்ன செய்வேன்? என் மகளைப் பற்றிச் சொன்னேன். எந்த வளைவில் ஜீப் நின்றது, அவள் என்ன கேட்டாள் என்பதையும் சொன்னேன். உண்ணாமலையிடம்கூட அதைச் சொன்னதில்லை. சத்தியாவுக்கு என்ன ஆகுமோ என்று பயந்து கிடப்பதைச் சொன்னேன்.

வேண்டுமென்றே நீட்டினாயா என்று உண்ணாமலை கேட்பாள். ஒன்றைக்கூட நான் இட்டுக்கட்டவில்லை. எல்லாம் இருந்தது. ஆனால் கஞ்சி ஆற ஆற எழுதுகிற வேகத்தில்தான் சொன்னேன்.

நடுவில் அவர் போன் அடித்தது. பார்த்தார். மறுபடியும் அடித்தது. திரையைக் கவிழ்த்து என் கட்டிலில் வைத்தார். "ம், சொல்லுங்க" என்றார்.

"அம்மா, உங்களத்தான் கூப்பிடறாங்களோ என்னமோ."

"தெரியும் ஐயா. நீங்க சொல்லுங்க."

சொல்லி முடித்தபோது மதியச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து கைகழுவிவிட்டு வந்தார். "அடுத்த வருஷம் மேல்படிப்புக்குப் போவேன். அப்ப யாரும் அழக்கூடாது. மாட்டுத் திட்டம் எதுவும் போடக்கூடாது. ஊர்ல சொல்லிடுங்க" என்றார். பிறகு வராந்தாவில் நின்று அம்மாவுடன் போனில் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு பேசினார்.

ஜன்னலிலிருந்து பேருந்து நிலையம் தெரியும். கூட்டத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பேருந்துகளின் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். கண் கலங்கியதால் எழுத்து இன்னும் மிதந்தது. கடைசியில் அவர் ஏறிய பேருந்தின் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நெல்லிவளவு.